லேகாக்: நான்கு தெருக்களின் ஊர்

லேகாக், தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஊரின் மையப் பகுதியில் தெருக்கள் நான்கே. நான்கும் கூடி ஒரு சதுரம்போல் அமைந்திருக்கின்றன. கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அந்தச் சுற்றுக்குள் நடுக்காலத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட வீடுகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. அவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது, கொடியில் துணி காய்கிறது. இந்தப் பழமை தற்செயலாகத் தங்கிய ஒன்றல்ல. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஊரின் பெரும்பகுதி எப்போதும் ஒரே உடைமையாக இருந்ததும், கடைசியாக அதை வைத்திருந்த பெண்மணி 1944-இல் எடுத்த ஒரு முடிவும் சேர்ந்தே லேகாக்கை இன்றைய நிலையில் வைத்திருக்கின்றன.

வழியும் நிலமும்

லண்டனின் பேடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிப்பெனம் நகரத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில் அடையலாம். பொறியாளர் புரூனெல் வகுத்து, 1841-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மேற்கு ரயில்பாதை இது. சிப்பெனத்திலிருந்து தெற்கே ஐந்து கிலோமீட்டரில் லேகாக். பேருந்தில் போகலாம், நேரம் இருப்பவர்கள் வயல்களின் ஊடாக நடந்தும் போகலாம்.

நடந்து போவதற்கு இங்கிலாந்தின் கிராமப்புறம் ஏற்ற இடம். பொது நடைபாதை என்று பதிவான வழி தனியார் வயலுக்குள்ளே சென்றாலும், அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நிலத்தின் உரிமையாளர் நினைத்தபடி அதை அடைத்துவிட முடியாது. வேலி குறுக்கிடும் இடங்களில் மனிதர் நுழையவும் மாடு நுழையாமல் இருக்கவும் ஏற்ற சிறு கதவோ, ஏறிக் கடக்கும் மரப்படியோ இருக்கும். வழியைக் காட்ட மஞ்சள் அம்புக்குறி பதித்திருப்பார்கள். வயல்களைப் பிரிக்கும் வேலிகள் கம்பி வேலிகளாக இல்லாமல், பெரும்பாலும் உயிர்வேலிகளாகவே இருக்கின்றன. மே மாதத்தில் அவற்றில் முள்மரங்கள் வெள்ளையாகப் பூக்கும். ஆகஸ்ட் பிற்பகுதியில் கருநிறப் பழங்கள் கொத்தாகத் தொங்கும்.

வில்ட்ஷயரின் நிலம் இரண்டு வகை. தெற்கிலும் கிழக்கிலும் சுண்ண மண் மேடுகள். அவை ஆடு மேயும் புல்வெளிகள். வடமேற்கில் ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் களிமண். அது ஈரம் காக்கும் மண், பசும்புல் செழிக்கும், கறவை மாடுகளுக்கு ஏற்றது. லேகாக் இந்த இரண்டாவது நிலத்தில் இருக்கிறது. மேட்டு நிலத்து ஆடுகளின் கம்பளி ஊருக்கு வந்து துணியானது. ஊரைச் சுற்றிய புல்வெளிகள் பாலும் பாலாடைக்கட்டியும் தந்தன. 1086-இல் அரசர் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே ஊரின் பெயர் இருக்கிறது. அப்போது இங்கே இரண்டு தண்ணீர் ஆலைகளும் ஒரு திராட்சைத் தோட்டமும் இருந்தன.

தெருக்கள்

வெளியூர் வண்டிகளுக்கான நிறுத்துமிடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து எல்லோரும் நடந்தே உள்ளே வருகிறார்கள். முதலில் கண்ணில் படுவது ஹை ஸ்ட்ரீட்டின் அகலம். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு அகலமான தெரு ஏன் என்ற கேள்விக்கு விடை சந்தையில் இருக்கிறது. நடுக்காலத்தில் இங்கே சந்தை கூடியது. கம்பளி மூட்டைகளும் நெய்த துணியும் கைமாறின. லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போன பழைய வழிகளில் ஒன்று இந்த ஊரைக் கடந்து சென்றதால் வணிகர்கள் வந்து தங்கினார்கள். அவர்களை நம்பிச் சத்திரங்கள் எழுந்தன.

வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. மரச்சட்ட வீட்டுக்குப் பக்கத்தில் கல்வீடு, அதை அடுத்துச் செங்கல் வீடு. மிகப் பழையவை ஓக் மரச்சட்டத்தால் ஆனவை. சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு தீட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில் மேல்தளம் கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் சற்றே நீண்டிருக்கிறது. சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள ஒரு வீட்டின் பக்கச்சுவரில் 14-ஆம் நூற்றாண்டுக் கட்டுமான முறை வெளிப்படையாகத் தெரிகிறது. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து நிறுத்தி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கூரையின் பாரம் முழுவதையும் அந்த இணைமரங்களே தரைக்குக் கொண்டுசெல்கின்றன. கூரைகள் பலவற்றில் கல்லோடுகள். ஓட்டின் எடையும் மரத்தின் வயதும் சேர்ந்து கூரைமுகடுகள் மெல்லத் தொய்ந்து, அலைபோல் நெளிந்திருக்கின்றன. கல் சுவர்களின் வெளிர் தேன் நிறம், அருகிலுள்ள கார்ஷம், பாக்ஸ் பகுதிகளில் வெட்டப்படும் சுண்ணக்கல்லின் நிறம். பாத் நகரம் எழுந்ததும் அதே கல்லால்தான்.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. குடியானவர்கள் லேகாக்கின் கன்னியர் மடத்துக்குச் செலுத்திய பத்தில் ஒரு பங்கு தானியமும் தோலும் கம்பளியும் இங்கே சேமிக்கப்பட்டன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்த படகின் உட்புறம்போல் கூரை மரங்கள் வளைந்து மேலேறுகின்றன. களஞ்சியத்தை ஒட்டி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறு சிறை இருக்கிறது. சன்னல் இல்லாத, குவிந்த கூரையுள்ள ஒற்றை அறை அது. குடித்துவிட்டுத் தெருவில் கலகம் செய்தவர்களை இரவில் இங்கே அடைத்துவைத்தார்கள்.

வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள ஜார்ஜ் விடுதியின் அடுப்பருகே ஒரு மரச்சக்கரம் இன்னும் இருக்கிறது. சக்கரத்துக்குள் ஒரு சிறு நாயை ஓடவிட்டு, அது ஓட ஓட இறைச்சி கோத்த கம்பி நெருப்பின் மேல் சீராகச் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கென்றே குட்டைக் கால் நாய் இனம் ஒன்று இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டது. வேலை மறைந்ததும் அந்த இனமும் மறைந்துவிட்டது.

சர்ச் ஸ்ட்ரீட்டின் கோடியில் புனித சிரியாக் தேவாலயம். தார்சு நகரில் தாயோடு கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பச்சிளம் தியாகியின் பெயர் இது. இங்கிலாந்தில் இப்பெயர் தாங்கிய தேவாலயங்கள் மிகச் சில. கம்பளி வணிகம் செழித்த 15-ஆம் நூற்றாண்டில் கோவில் பெரிதாக்கப்பட்டது. உள்ளே உள்ள மாதா சிற்றாலயத்தின் விதானத்தில் கல் நரம்புகள் பின்னலாக ஓடி, சந்திக்கும் இடங்களில் பூவாக மலர்கின்றன. அக்காலத்தில் செய்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று நெடுங்காலம் இக்கோவிலில் வழிபாட்டுக்குப் பயன்பட்டு வந்தது. விருந்து மேசைக்காகச் செய்யப்பட்ட அந்தக் கிண்ணம் இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் வில்ட்ஷயர் அருங்காட்சியகத்துக்கும் பொதுவான உடைமை.

கோவிலைத் தாண்டிச் சற்றுப் போனால் பைட் என்னும் ஓடை வழியை மறித்துக்கொண்டு ஓடுகிறது. வண்டிகள் தண்ணீரில் இறங்கியே போக வேண்டும். நடப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய கல்பாலம், பொதிக்குதிரை ஒன்று போகும் அளவுக்கு. ஊரில் அமைதி மிகுந்த மூலை இதுவே. வாத்துகள் பாலத்தின் நிழலில் ஒதுங்கியிருக்கும்.

மடம்

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே புல்வெளியில் லேகாக் மடம் நிற்கிறது. இதை நிறுவியவர் சாலிஸ்பரி கோமகள் ஈலா. அவருடைய கணவர் வில்லியம் லாங்கெஸ்பே, அரசர் ஜானின் வேறு தாய் வயிற்றுச் சகோதரர். 1226-இல் கணவர் இறந்தபின் ஈலா மறுமணம் செய்துகொள்ளவில்லை. வில்ட்ஷயரின் ஷெரீஃப் பதவியை, அதாவது அரசரின் பேரால் மாவட்டத்தை நிர்வகிக்கும் பொறுப்பை, தாமே ஏற்று நடத்தினார். அக்கால இங்கிலாந்தில் ஒரு பெண் இப்பதவியில் அமர்ந்தது அரிது. 1232-இல் மடத்துக்கு அடிக்கல் நாட்டிய அவர், பிறகு தாமே துறவு பூண்டு, மடத்தின் தலைவியாகவும் இருந்தார். 1225-இல் மீண்டும் வெளியிடப்பட்ட மாக்னா கார்ட்டா உரிமைப் பட்டயத்தின் வில்ட்ஷயர் படி இந்த மடத்தில்தான் எழுநூறு ஆண்டுகள் பாதுகாப்பாக இருந்தது. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

மடத்தின் தாழ்வாரம் இன்றும் முழுமையாக நிற்கிறது. நடுவே சதுரமான புல்முற்றம். அதைச் சுற்றி 15-ஆம் நூற்றாண்டுக் கல்விதானத்தின் கீழே நடைவழி. விதான நரம்புகள் கூடும் முடிச்சுகளில் பூக்களும் விலங்குகளும் மனித முகங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாழ்வாரத்தை ஒட்டியுள்ள அறைகளில் ஒன்று குளிர்காயும் அறை. கன்னியர்கள் நெருப்பருகே அமர்ந்து குளிர் போக்கிக்கொள்ள இருந்த இடம் அது. ஐரோப்பாவின் மெக்லின் நகரில் 1500-இல் வார்த்த பெரிய உலோகக் கொப்பரை ஒன்று அந்த அறையில் வைக்கப்பட்டிருக்கிறது.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539-இல் லேகாக் மடமும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு வில்லியம் ஷாரிங்டன் என்பவர் அதை 783 பவுண்டுக்கு வாங்கினார். மடத்தின் தேவாலயத்தை இடித்த அவர், தாழ்வாரத்தை இடிக்காமல் அதன் மேலேயே தம் மாளிகையை அமைத்துக்கொண்டார். வேறு இடங்களில் மடங்களைக் கல் கல்லாகப் பிரித்து விற்ற காலத்தில் இது அரிய முடிவு. கீழே கன்னியர் மடமும் மேலே மாளிகையுமாக ஒரே கட்டடம் இரண்டு வாழ்க்கைகளைத் தாங்கி நிற்பது இதனால்தான். அவர் எழுப்பிய எண்கோணக் கோபுரம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அவர் காலத்து பீர் காய்ச்சும் கூடமும் பின்முற்றத்தில் இருக்கிறது. பார்லி ஊறலைக் கொதிக்கவைத்த ஏற்பாடுகளை அங்கே பார்க்கலாம்.

ஷாரிங்டனுக்கு மக்கள் இல்லை. அவர் தம்பியின் மகள் ஆலிவ், ஜான் டால்பட்டை மணந்ததால் சொத்து டால்பட் குடும்பத்துக்குப் போனது. தந்தை மறுத்ததால் ஆலிவ் கூரையிலிருந்தே காதலன் கைகளில் குதித்தாள் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. 1750-களில் அக்குடும்பத்தின் ஜான் ஐவரி டால்பட், நடுக்காலப் பாணியைப் புதுப்பித்து ஒரு பெரிய மண்டபத்தைக் கட்டினார். அதன் சுவர்மாடங்களில் சுடுமண் சிற்பங்கள் இருக்கின்றன.

சன்னல்

மாளிகையின் தெற்குக் கூடத்தில், சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் ஒரு சிறு சன்னல் இருக்கிறது. சிறு சிறு கண்ணாடிச் சில்லுகளை ஈயப் பட்டையில் கோத்துச் செய்தது. புகைப்படக் கலையின் வரலாற்றில் இச்சன்னலுக்கு முதலிடம் உண்டு.

அதற்குக் காரணமான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், அதே டால்பட் குடும்பத்தில் 1800-இல் பிறந்தவர். கணிதம், தாவரவியல், வேதியியல், பழைய மொழிகள் என்று பல துறைகளில் உழைத்தவர். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஓவியம் தீட்ட முயன்று, கை ஒத்துழைக்காமல் சலித்தபோது, இயற்கை தன்னைத் தானே தாளில் வரைந்துகொள்ளும்படி செய்ய முடியாதா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. லேகாக் திரும்பியதும் சோதனைகளைத் தொடங்கினார். நல்ல எழுதுதாளை உப்புநீரில் நனைத்து உலர்த்தி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பூசினார். அப்போது தாளில் உண்டாகும் வெள்ளி குளோரைடு ஒளி பட்ட இடத்தில் கறுக்கும். இலையையோ சரிகைத் துணியையோ மேலே வைத்து வெயிலில் காட்டினால் அதன் வடிவம் வெள்ளையாகப் பதியும். பிறகு சிறு மரப்பெட்டிகளில் வில்லை பொருத்திக் கேமராக்கள் செய்து, மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறிகள் என்று அழைத்தார்.

1835 ஆகஸ்டில் அந்தப் பெட்டிகளில் ஒன்று தெற்குக் கூடத்துச் சன்னலைப் பதிவு செய்தது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய அந்தத் தாள்தான் உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ். சன்னலின் ஏறத்தாழ 200 சில்லுகளையும் பூதக்கண்ணாடி கொண்டு எண்ண முடிந்தது என்று டால்பட் அதன் அருகே குறித்துவைத்தார். 1839 ஜனவரியில் பாரிஸில் டாகெர் என்பவரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டதும், டால்பட்டும் தம் முறையை லண்டன் அறிஞர்கள் முன் வைத்தார். டாகெரின் படம் வெள்ளி முலாம் பூசிய தகட்டில் பதிவது. தெளிவு மிகுந்தது, ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம். டால்பட்டின் நெகட்டிவை வேறொரு தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஃபிலிம் காலம் முடியும்வரை உலகம் முழுவதும் பின்பற்றியது இந்த நெகட்டிவ் வழியைத்தான். 1841-இல் அவர் காப்புரிமை பெற்ற கலோடைப் முறை, மணிக்கணக்கான காத்திருப்பை நிமிடங்களாகக் குறைத்தது.

இந்த வழி தமிழகத்தையும் தொட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், டால்பட்டின் தாள் நெகட்டிவை மெழுகேற்றிச் செம்மைப்படுத்திய முறையில் 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோவில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே தொடராக்கினார். டால்பட்டும் கல்வெட்டுகளில் தோய்ந்தவரே. அதற்கு முந்தைய ஆண்டான 1857-இல், அசீரிய ஆப்பெழுத்தைப் படிக்க முடியும் என்பதைச் சோதிக்க ஒரே கல்வெட்டைத் தனித்தனியே மொழிபெயர்த்த நால்வரில் அவரும் ஒருவர். லேகாக்கில் ஒரு சன்னலில் தொடங்கிய தாள், இருபத்து மூன்று ஆண்டுகளில் சோழர் எழுத்தைப் பதிவு செய்யும் கருவியாகத் தஞ்சைக்கு வந்து சேர்ந்திருந்தது.

டால்பட் 1877-இல் லேகாக்கில் காலமானார். ஊர் இடுகாட்டிலேயே அடக்கமானார். மடத்தின் வாயிலருகே உள்ள பழைய களஞ்சியக் கட்டடம் 1975 முதல் அவர் பெயரில் புகைப்பட அருங்காட்சியகமாக இயங்குகிறது. அவர் செடிகள் வளர்த்த தோட்டமும் பேணப்பட்டு வருகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மடத்து மரங்களின் அடியில் வெண்பனிப் பூக்களும் குங்குமப்பூ இனத்துச் சிறுமலர்களும் விரிப்பாகப் பூக்கின்றன.

ஊரைக் காத்த முடிவு

கம்பளி வணிகம் நலிந்ததும் லேகாக்கின் செல்வம் வற்றியது. ரயில்பாதை சிப்பெனத்தின் வழியாகப் போனதால் ஆலைகளும் புதிய குடியிருப்புகளும் அங்கே பெருகின. லேகாக் இருந்தபடியே இருந்தது. டால்பட்டின் பேத்தி மெட்டில்டா 1916-இல் சொத்துக்கு உரியவரானார். மணம் செய்துகொள்ளாத அவர், 1944-இல் மடத்தையும் ஊரையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்குக் கொடையாக அளித்தார். 1895-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு, தன் சொத்தை என்றும் விற்கக் கூடாதது என்று அறிவிக்கும் உரிமையை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. ஆகவே லேகாக் வீடுகளில் பெரும்பாலானவை வாடகை வீடுகள். ஊரோடு தொடர்புள்ளவர்களே குடியிருக்க வேண்டும் என்பதில் அறக்கட்டளை கருத்தாக இருந்துவருகிறது. ஊரில் தொடக்கப்பள்ளி நடக்கிறது. அடுமனையும் விடுதிகளும் திறந்திருக்கின்றன.

தெருவின் குறுக்கே மின்கம்பிகளோ கூரைகளில் அலைவாங்கிகளோ தென்படாததால் படப்பிடிப்புக் குழுக்கள் லேகாக்கைத் தேடி வருகின்றன. ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றை பிபிசி 1995-இல் தொடராக எடுத்தபோது இத்தெருக்கள் அக்கதையின் சிற்றூராயின. ஹாரி பாட்டர் படங்களில் வரும் பள்ளியின் தாழ்வாரங்கள் சில இம்மடத்தில் எடுத்தவை. இதனால் கூட்டமும் வருகிறது. கோடை நண்பகலில் ஹை ஸ்ட்ரீட் நெரிசலாக இருக்கும். மக்கள் குடியிருக்கும் வீடுகளின் சன்னல்களில் எட்டிப்பார்ப்பவர்களும் உண்டு. காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ வருவது ஊருக்கும் நல்லது, வருபவருக்கும் நல்லது.

சுற்றுப்புறம்

லேகாக்கிலிருந்து வடமேற்கே காஸில் கூம். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் ஒரே தெருவாக இறங்கி, ஓடைப் பாலத்தில் முடியும் சிற்றூர். அதுவும் நெசவால் வளர்ந்து, நெசவு போனதும் அப்படியே நின்ற ஊர். சந்தை கூடிய இடத்தில் கல்தூண்கள் தாங்கும் கூரையோடு சந்தைச் சிலுவை நிற்கிறது. மேற்கே கார்ஷத்துக்கு அப்பால், புரூனெல் குடைந்த பாக்ஸ் சுரங்கப்பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான நீளத்தில் சுண்ணக்கல் குன்றைத் துளைத்துச் செல்கிறது. அதையும் தாண்டினால் பாத் நகரம்.

கிழக்கே சில கிலோமீட்டரில் பவுட் மாளிகை. 18-ஆம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் என்று பெயர்பெற்ற தோட்டக் கலைஞர் அங்கே ஏரியும் புல்வெளியுமாக நிலத்தையே திருத்தி அமைத்தார். 1774 ஆகஸ்ட் 1-ஆம் நாள் அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கி, ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது அந்த மாளிகையில்தான். இன்னும் கிழக்கே, லேகாக்கிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சுண்ண மண் மேடுகளின் நடுவே ஏவ்பரி இருக்கிறது. நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அதன் பெருங்கல் வட்டம் ஒரு ஊரின் பகுதியைத் தன்னுள் அடக்கும் அளவுக்குப் பெரியது. ஆடுகள் அக்கற்களின் இடையே மேய்கின்றன.

அங்கிருந்து திரும்பும்போது பழைய லண்டன் வழி பௌடன் குன்றின் மேல் ஏறி, லேகாக்கை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. குன்றின் சரிவில் ஏவன் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது: உயிர்வேலிகள் கட்டம் கட்டிய புல்வெளிகள், ஆற்றின் வளைவு, மடத்தின் எண்கோணக் கோபுரம், சிரியாக் கோவிலின் கூர்முடி, அதன் அடியில் நான்கு தெருக்களின் கூரைகள். கம்பளி மூட்டையோடு இதே சரிவில் இறங்கிய வணிகருக்கு ஊர் எங்கே முடிந்ததோ, ஏறத்தாழ அங்கேதான் இன்றும் முடிகிறது. அதற்கு அப்பால் வயல்கள்.